வால்முடிக் காப்பு

வியாழக்கிழமை காலையில் பார்சனின் வாலைத் தொட்டுப் பார்த்ததும் வெர்னா டட்டிலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குதிரை தன் கொட்டடியில் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு, ஊரார் பாவத்துக்கெல்லாம் தானே வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு புல் தின்றுகொண்டிருந்தது. அந்த முகத்துக்காகத்தான் அதற்குப் பாதிரியார் என்று பெயரே வைத்தார்கள். பார்சன் என்றால் அதுதான். வெர்னா வழக்கம்போல வாலைக் கையில் அள்ளி விரலால் கோதினாள். அள்ளிய கைக்கு ஏதோ குறைந்தது. மேல்முடியை ஒதுக்கிப் பார்த்தாள். உள்ளே, வால்தண்டை ஒட்டி, ஒரு விரல் பருமனுக்கு முடி போயிருந்தது. நல்ல கத்தரி, நிதானமான கை. வெளியே தெரியக் கூடாது என்று அடியிலிருந்து பார்த்து எடுத்திருந்தார்கள்.

வர்ஜீனியாவின் இந்தப் பக்கத்தில் நடக்கும் ஹண்டர் போட்டிகளில் குதிரை எவ்வளவு உயரம் தாண்டியது என்று யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. எவ்வளவு லட்சணமாகத் தாண்டியது என்பதற்குத்தான் பரிசு. அதனால் வால் என்பது இங்கே கல்யாணப் பெண்ணின் கூந்தல் மாதிரி. சீப்புப் பட்டால் உதிரும் என்று விரலாலேயே சிக்கெடுப்பார்கள். முடி குறைந்த குதிரைக்குச் சவுரி வைத்துக் கட்டுவார்கள். அந்தச் சவுரிக்காகத் திருடர்கள் மேய்ச்சல் வேலியைத் தாண்டி வந்து வாலை அறுத்துக்கொண்டு போவதும் உண்டு. சொந்தக்காரர்கள் உயிரோடு இருக்கும் குதிரையின் வாலில் கத்தரி வைக்கமாட்டார்கள். குதிரை செத்த பிறகு வைப்பார்கள். உள்ளிருந்து ஒரு கற்றையை எடுத்து, நூலால் கட்டி, பின்னித் தரும் பெண்ணிடம் கொடுத்துக் கையில் போட ஒரு காப்பு செய்துகொள்வார்கள். பெற்ற தாய் செத்தபோது கண் கலங்காத ஆண்கள்கூட அந்தக் காப்போடு திரிவதை வெர்னா பார்த்திருக்கிறாள்.

பார்சன் இன்னும் சாகவில்லை. இன்று சாயங்காலம்தான் சாக வேண்டும்.

அது வெர்னாவுக்கு முன்பே தெரியும். அவள்தான் இந்த லாயத்தின் பயிற்சியாளர். லாயமும் அதைச் சுற்றியுள்ள நிலமும் ராலண்ட் ஹோல்கமுக்குச் சொந்தம். வீடு கட்டி விற்கும் மனிதர். மகள் பெத்தனிக்காகத்தான் பார்சனை வாங்கினார். வெர்னாவிடம் அவர் இதுவரை வாடகை என்று வாய் திறந்து கேட்டதில்லை. அதனால் அவர் கேட்ட மற்றதற்கெல்லாம் இவளும் மறுப்புச் சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் பார்சனின் முன்கால் குளம்புக்குள் எலும்பு அரிக்கத் தொடங்கியது. ஓய்வு கொடுத்திருக்கலாம். அது போட்டிகள் மும்முரமாக நடந்த சமயம், பெத்தனி ஜெயித்துக்கொண்டிருந்தாள். வெர்னா ஒரு டாக்டரைப் பிடித்து, போட்டிக்கு முன்னால் காலை மரக்கச் செய்யும் ஊசி போட வைத்தாள். வலி தெரியாத கால் தாண்டியது. ஊசியின் வேகம் இறங்கிய பிறகு அந்தக் குதிரை ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பதைப் பார்க்கவேண்டியிருக்கும் என்று, அந்த நேரத்தில் வேறு வேலை வைத்துக்கொள்ளப் பழகினாள். இந்த வருடம் ஊசியும் பலிக்கவில்லை. விற்கலாமென்றால், வாங்குபவன் கூட்டிவரும் டாக்டர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். வீட்டு வியாபாரமும் படுத்துக் கிடந்தது. குதிரை பேரில் இன்சூரன்ஸ் மட்டும் திடமாக இருந்தது.

ஒருநாள் ராலண்ட் அவளுடைய அறையில் உட்கார்ந்து தொப்பியைச் சுழற்றிக்கொண்டே, "நல்லா இருக்கிற குதிரைக்குத் திடீர்னு ஏதாவது ஆகுமில்ல, வெர்னா?" என்று கேட்டார்.

"வயிறு பிடிச்சுக்கும். அதுல போற குதிரைதான் ஜாஸ்தி," என்றாள் இவள்.

பேச்சு அவ்வளவுதான். கேட்டவருக்கும் புரிந்தது, சொன்னவளுக்கும் புரிந்தது. திங்கட்கிழமை அவர் போன் செய்தார். வியாழக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் ஊருக்குள் இருக்கும் பழைய விடுதிக்கு விருந்துக்குக் கூட்டிப்போவதாகவும், லாயத்தில் ஒருவரும் இருக்கவேண்டாம் என்றும், லாயத்து வேலையாள் யூசெபியோவையும் கண்டிப்பாகக் கூட்டிவரும்படியும் சொன்னார். சாணி அள்ளும் மெக்சிகோக்காரனை அந்த விடுதி மேசையில் உட்காரவைத்து எந்த முதலாளியும் இதுவரை சோறு போட்டதில்லை. மின்சார வயரோடு வந்து, குதிரைக்கு ஷாக் கொடுத்து, அடையாளம் வைக்காமல் வேலையை முடித்துவிட்டுப் போகும் ஒரு ஆளைப் பற்றி இந்தத் தொழிலில் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அவன் பெயரை மட்டும் யாரும் கேட்டதில்லை. வெர்னா "சரி" என்று சொல்லிவிட்டு, அன்றிரவு நன்றாகவே தூங்கினாள்.

வயிறு பிடித்துச் செத்துப்போகும் ஒரு குதிரை என்றுதான் அவள் மனதைத் தேற்றி வைத்திருந்தாள். இந்த வெட்டு அதைக் கெடுத்துவிட்டது. ராலண்ட் தனியாக வந்திருக்கிறார். குதிரையின் முதுகைத் தட்டிக்கொடுத்திருப்பார். அது நம்பி நின்றிருக்கும். மகளுக்கு ஒரு காப்பு வேண்டுமே என்று யோசித்து, உயிரோடு இருக்கும்போதே வெட்டி எடுத்துப் போயிருக்கிறார். வரப்போகும் கொலைகாரனைவிட அந்தப் பாசத்தைத்தான் வெர்னாவால் பொறுக்க முடியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் பள்ளிக்கூடத்திலிருந்து பெத்தனி வந்தாள். பதினாறு வயது. பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு நேராகக் குதிரையிடம் போனாள். கொஞ்ச நேரத்தில் கொட்டடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வெர்னா, இங்க வாங்க. சீக்கிரம் வாங்க."

வெர்னா போனாள்.

"வாலைத் தொட்டுப் பாருங்க. உள்ளே. எவனோ திருடியிருக்கான்."

வெர்னா தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தாள். இந்த நடிப்பு தனக்கு இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"வேலி தாண்டி எவனும் வரலை. கொட்டடிக்குள்ள வந்து எடுத்திருக்கான். உள்ள ஆளுதான்," என்றாள் பெத்தனி. உடனே திரும்பி, தண்ணீர் வாளியோடு வந்துகொண்டிருந்த யூசெபியோவை மறித்தாள். "உங்க மச்சான் வாரண்டன்ல சவுரிக் கடையிலதானே வேலை பாக்கறாரு?"

யூசெபியோ வாளியைக் கீழே வைத்தான். "ஆமா, மிஸ்."

"பார்சனோட வாலைப் பாத்தீங்களா?"

அவன் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். "மிஸ், தினமும் இந்த வாலுக்கு எண்ணெய் தடவறவன் நான். என் பொண்டாட்டி தலைக்குக்கூட நான் இவ்வளவு பண்ணதில்லை. அவ கேட்டுச் சண்டையே போட்டிருக்கா."

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்லையே."

அவன் வெர்னாவைப் பார்த்தான். ஐந்து வருடமாக அவள் கீழ் வேலை பார்க்கிறவன். ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பான். வெர்னா கொட்டடிக் கதவின் தாழ்ப்பாளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சரியாகத்தான் இருந்தது அந்தத் தாழ்ப்பாள்.

பெத்தனி சுவரில் மாட்டியிருந்த போனில் அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு வந்தபோது குரல் தணிந்திருந்தது.

"அப்பாவும் யூசெபியோவாத்தான் இருக்கும்னு சொல்றாரு. இன்னியோட கணக்கு முடிச்சு அனுப்பிடச் சொன்னாரு. தான் வந்து பேசிக்கறாராம்."

ராலண்ட் கெட்டவர் என்று அவள் நினைத்ததேயில்லை. ஒரு பழி விழுந்து கிடக்கிறது, எடுத்து அடுத்தவன் தலையில் வைத்துவிட்டார், அவ்வளவுதான். கெட்டவனாக இருக்க இதைவிட அதிகமாக ஒன்றும் செய்யத் தேவையில்லை போலிருக்கிறது. யூசெபியோ தன் அறைக்குப் போய்ப் பையில் துணிகளை அடுக்கத் தொடங்கினான்.

பெத்தனி ஒரு புல்கட்டை இழுத்துக்கொண்டு வந்து கொட்டடி வாசலில் போட்டாள். சாணி வாரும் கவையையும் பக்கத்தில் சாத்திக்கொண்டாள்.

"நான் விருந்துக்கு வரலை. எடுத்தவன் கொஞ்சம்தான் எடுத்திருக்கான். மீதிக்கு வருவான். வரட்டும்."

"யூசெபியோதான் போறாரே கண்ணு."

"தனியாளா செஞ்சாருன்னு யார் கண்டா?"

"உங்கப்பா எல்லாருக்கும் சேத்து மேசை சொல்லியிருக்காரு. உனக்குப் பிடிச்ச வேர்க்கடலை சூப்பு இருக்கும். நண்டு வடை இருக்கும். நீ வரலைன்னா அவர் முகம் வாடிடும்."

"எனக்கு ஒரு டப்பால வாங்கிட்டு வாங்க."

வெர்னா தன் அறைக்குப் போய் உட்கார்ந்தாள். பெண் இப்படியே காவல் இருந்தால் வருகிறவன் திரும்பிப் போய்விடுவான் என்று முதலில் தோன்றியது. தான் வாயைத் திறக்கவே வேண்டாம். அந்த நிம்மதி காப்பி ஆறும் வரைகூட நிலைக்கவில்லை. இன்று போனவன் இன்னொரு நாள் வருவான். பெத்தனி பள்ளிக்கூடத்தில் இருக்கும் நாளாகப் பார்த்துச் சொல்லி அனுப்புவார்கள். அன்றைக்கும் தனக்கு எங்கேயாவது ஒரு விருந்து இருக்கும். யூசெபியோவின் தலையில் விழுந்த திருட்டு விழுந்ததுதான். நாளைக்கு இந்த வட்டாரத்தில் எந்த லாயத்திலும் அவனைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். சொன்னால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பார்த்தாள். கூரை போகும். தான் பழக்கிக் கொடுக்கும் மற்றவர்களின் குதிரைகளும் போகும். நாற்பத்தெட்டு வயதில், வாய் நீளமான பயிற்சியாளர் என்ற பெயரோடு எங்கே போய் நிற்பது. பெத்தனியும் போவாள். மற்றதையெல்லாம்கூடத் தாங்கிவிடலாம் என்று தோன்றியது.

இருட்டுவதற்கு முன்னால் ராலண்ட் வந்தார். நல்ல கோட்டு, பெரிய உடம்பு, யாரையும் தோளில் கைபோட்டுப் பேசும் பழக்கம். மகளுக்கு எதிரே இன்னொரு புல்கட்டில் கோட்டோடு உட்கார்ந்தார்.

"செல்லம், கிளம்பு. நாழியாச்சு."

"வரலைப்பா."

"அந்த ஆள்தான் போறானே. அதோ நிக்கறான் பாரு பையோட. இனிமே யாரு வரப்போறா?"

லாயத்தின் கோடியில், தன்னை ஏற்றிப்போக மச்சானின் வண்டி வரக் காத்துக்கொண்டு யூசெபியோ நின்றிருந்தான். பெத்தனி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"யாரும் வரலைன்னா நல்லது. நான் இங்க உக்காந்து வீட்டுப்பாடம் எழுதறேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

ராலண்ட் கெஞ்சிப் பார்த்தார். அதட்டிப் பார்த்தார். ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்ததை வெர்னா கவனித்தாள். பிறகு அவர் வெர்னாவின் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"நீங்க சொல்லுங்க வெர்னா. நான் சொன்னா கேக்கமாட்டா. நீங்க சொன்னாக் கேப்பா."

அது உண்மை. ஏழு வயதில், பெப்பர் என்ற குட்டைக் குதிரைமேல் உட்கார்ந்து பயத்தில் பிடரியைப் பிடித்துக்கொண்டிருந்த குழந்தையிடம், "கையை விடு கண்ணு, நான் இருக்கேன்ல," என்று வெர்னா சொன்னாள். குழந்தை கையை விட்டது. அன்றிலிருந்து அவள் சொன்ன எதையும் பெத்தனி தட்டியதில்லை. இப்போதும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"கண்ணு," என்றாள் வெர்னா. "இது திருடன் எடுத்த மாதிரி இல்லை."

ராலண்ட் சிரிப்பை நிறுத்தவில்லை. நிறுத்த மறந்துவிட்டார் போலிருந்தது.

"சவுரிக்கு எடுக்கறவன் வெளிமுடியைத்தான் எடுப்பான், நீளமா இருக்கும்னு. கையில வந்ததை வாரிக்கிட்டுப் போவான். இது உள்ளேர்ந்து ஒரு விரல் அளவுதான் போயிருக்கு. போய்ப் பாரு."

பெத்தனி எழுந்துபோய் மறுபடியும் பார்த்தாள். "ஆமா. இவ்வளவு கொஞ்சத்துல சவுரி வராது." யோசித்தாள். "அப்போ எதுக்கு?"

"எதுக்கு எடுப்பாங்கன்னு உனக்கே தெரியும்."

பெண் புரியாமல் நின்றாள். பிறகு அவள் பார்வை தன் மணிக்கட்டுக்குப் போனது. பெப்பர் செத்தபோது பின்னிய காப்பு அங்கே இருந்தது. சாம்பல் நிறம், ஓரத்தில் கொஞ்சம் பிரிந்திருந்தது.

"காப்புக்கு," என்றாள். "ஆனா அது செத்த குதிரைக்குத்தானே எடுப்பாங்க?"

பார்சன் புல்லை மென்றுகொண்டிருந்தது. பெத்தனி வெர்னாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அவருடைய நல்ல கோட்டைப் பார்த்தாள்.

"அப்பா?"

"உனக்காகத்தாம்மா எடுத்தேன்," என்றார் ராலண்ட். "அப்புறம் லாரிக்காரன் வந்து உடம்பைத் தூக்கிட்டுப் போயிட்டா உனக்குன்னு ஒண்ணும் இருக்காதேன்னு."

அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் அதைக் கேட்கச் சகிக்கவில்லை.

பெத்தனி புல்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று வெர்னா நினைத்தாள். அழவில்லை.

"எப்போ? இன்னிக்கா?" என்று அப்பாவைக் கேட்டாள். அவர் தொப்பியைத் தேடினார். தொப்பி தலையில்தான் இருந்தது. அவள் வெர்னாவிடம் திரும்பினாள். "உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"திங்கக்கிழமைலேர்ந்து. அதுக்கு முன்னாடியேன்னும் வெச்சுக்கோ."

"அதுக்குத்தான் வேர்க்கடலை சூப்பா?"

வெர்னா தலையை ஆட்டினாள். எவ்வளவோ பேர் எவ்வளவோ திட்டியிருக்கிறார்கள் அவளை. எதுவும் இப்படித் தைத்ததில்லை.

"பார்சன் என்ன பண்ணான்?" என்று கேட்டாள் பெத்தனி. "எதுக்காக?"

"முன்கால் போச்சு கண்ணு. ரெண்டு வருஷமா ஊசி போட்டு மரக்க வெச்சுத்தான் நீ ஏறினே. இனிமே அவனை விக்க முடியாது."

"ரிச்மண்ட்ல ஜெயிச்சோமே, அப்பவும்?"

"அப்பவும்."

பெத்தனி கொட்டடிக்குள் போய்ப் பார்சனின் முன்கால் பக்கத்தில் குந்தினாள். குளம்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். குதிரை அந்தக் காலை மெல்லத் தூக்கி அவளுக்குக் கொடுத்தது. லாடம் அடிப்பவருக்குக் கொடுக்கும் பழக்கம் அது. அப்போதுதான் அவள் அழுதாள். அதன் காலை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

வெளியே சாலையில் ஒரு நீல நிற வண்டி வேகத்தைக் குறைத்தது. வாசல் கேட்டுக்கு நேரே கொஞ்சம் நின்றது. லாயத்தில் விளக்கு எரிவதையும் கார்கள் நிற்பதையும் பார்த்திருக்கவேண்டும், மறுபடியும் கிளம்பிப் போனது. யூசெபியோ காத்திருந்த மச்சானின் வண்டி இல்லை அது. ராலண்ட் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவேயில்லை. யாருடைய வண்டி என்று வெர்னா அவரைக் கேட்கவும் இல்லை.

பெத்தனி முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "அப்பா, பார்சனுக்கு என்ன ஆனாலும், எப்போ ஆனாலும், இன்சூரன்ஸ்காரங்ககிட்ட நானே போய்ச் சொல்லுவேன். வயித்துவலின்னு டாக்டர் எழுதினாலும் சொல்லுவேன்."

"நீ சின்னப்பொண்ணு. உனக்கு இதெல்லாம்..."

"நானும் சொல்லுவேன், ராலண்ட்," என்றாள் வெர்னா.

அவர் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இந்தக் கூரை யாருதுன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"இருக்கு. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடறேன்."

தான் சொன்னதைக் கேட்டுப் பெண்ணின் முகத்தில் ஏதாவது இளகுமா என்று வெர்னா பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. பெத்தனி அப்பாவுக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"குடுங்க."

ராலண்ட் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தார். இஸ்திரி போட்ட கைக்குட்டை. பிரித்தால் உள்ளே பார்சனின் முடி, சுருட்டி, நீல நூலால் கட்டிப் பத்திரமாக இருந்தது. கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காருக்குப் போய் உட்கார்ந்தார். காரைக் கிளப்பவில்லை.

பெத்தனி முடியோடு குதிரையின் பின்பக்கம் போனாள். மேல்முடியை ஒதுக்கி, வெட்டின இடத்தில் கற்றையை வைத்து அளவு பார்த்தாள். சவுரி கட்டுவதுபோலவே கட்டப்போகிறாள் என்று வெர்னாவுக்குப் புரிந்தது. வெர்னாவின் சட்டைப்பையில் எப்போதும் நூல்கண்டு ஒன்று கிடக்கும். எடுத்து நீட்டினாள்.

பெத்தனி அதைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை.

"யூசெபியோ," என்று கூப்பிட்டாள். "உங்ககிட்ட நூல் இருக்கா?"

யூசெபியோ கோடியில் அப்படியே நின்றிருந்தான். இங்கே நடந்தது எல்லாம் அவன் காதிலும் விழுந்திருக்கும். பையைக் கீழே வைத்து, ஜிப்பைத் திறந்து, மடித்த துணிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துவிட்டு, அடியிலிருந்து நூல்கண்டை எடுத்துக் கொண்டுவந்தான்.

"நான் உங்களைத் திருடன்னு நினைச்சுட்டேன்," என்றாள் பெத்தனி. "மன்னிச்சுடுங்க."

"வாலை நான் பிடிச்சுக்கறேன், மிஸ். நீங்க கட்டுங்க," என்றான் அவன்.

அவன் பிடித்துக்கொள்ள, அவள் கட்டினாள். உள்முடியில் இரண்டு சிறு பின்னல் போட்டு, கற்றையை நடுவில் வைத்து, நூலைக் கோத்து இழுத்தாள். பார்சன் ஒரு காலை மாற்றி இன்னொரு காலை ஊன்றி நின்றது. வெர்னா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கடைசிச் சுற்றை இடப்பக்கமாகத் திருப்பி இறுக்காவிட்டால் சவுரி நழுவும். எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் பிள்ளைகள் மறப்பது அதைத்தான். பழக்கதோஷத்தில் சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் பெத்தனி, நிமிர்ந்து பார்க்காமல், நூலை இடப்பக்கமாகத் திருப்பி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.